முற்றிய நோயும் ஆயுளும்

மார்பில் கட்டி கண்ட ஸ்திரீ அதை வெளியே சொல்லக் கூசி மறைத்து வைப்பது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக் குடும்பங்களில் இன்றும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 கட்டில்களுடன் தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்வதற்குள் நோய் முற்றிவிடுகிறது. "இனி என்ன இருக்கிறது?" என்று வீட்டார் கை விரித்துவிடுகிறார்கள்.

இருக்கிறது, ஐயா! முற்றிய நோயெல்லாம் ஒன்றல்ல. மார்பையும் அக்குளையும் தாண்டாதிருந்தால் மருந்து, ரண சிகிச்சை, கதிர் சிகிச்சை என்று முறையாகச் செய்து குணப்படுத்தவும் இயலும். தாண்டிவிட்டாலோ, எலும்போடு நின்றவர்கள், ஈரலுக்கும் மூளைக்கும் பரவியவர்களைவிடப் பொதுவாக அதிக காலம் ஜீவிக்கிறார்கள். கட்டியின் குணமும் பெரிது. ஹார்மோனால் வளரும் கட்டியைத் தினம் ஒரு மாத்திரையே வருஷக்கணக்கில் அடக்கி வைப்பதுண்டு. 'ஹெர்-2' என்ற வகைக்கு 1998-ல் தனி மருந்தே வந்தது. விலைதான் மலைக்க வைக்கிறது!

இவையெல்லாம் நம் கையில் இல்லை. சிகிச்சையை முடிப்பது மட்டும் பெரும்பாலும் குடும்பத்தின் கையில் இருக்கிறது. இரண்டு ஊசியில் கட்டி சுருங்கியதும், பஸ் செலவையும் அடுப்படியையும் எண்ணி, "சுகமாகிவிட்டது" என்று அவளே நின்றுவிடுகிறாள். மூன்று வாரத்துக்கு ஒரு நாள் அந்த அடுப்படியை வேறொருவர் பார்த்துக்கொள்ளலாகாதா?