கடலோரத்துக் கற்றூண்கள்

ஹைதராபாத் நகரைச் சூழ்ந்துள்ள உருண்டைக் கருங்கற்கள் யாவரும் அறிந்தவை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் மெல்லக் குளிர்ந்து இறுகிய பாறை அது. அதன் வெடிப்புகளில் புகுந்த நீர், காலப்போக்கில் மூலைகளைக் கரைத்து உருட்டிவிட்டது. வெடிப்பு என்னும் இதே நிகழ்ச்சி, மேற்குக் கடற்கரையில் முற்றிலும் வேறான உருவத்தைத் தோற்றுவித்துள்ளது.

கர்நாடகத்தில் உடுப்பியை அடுத்த மால்பே துறைமுகத்துக்கு எதிரே செயின்ட் மேரீஸ் தீவுகள் உள்ளன. 1498-ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமா இட்ட பெயர் இது என்பர். அலைகள் மோதும் கரையில் ஐந்து, ஆறு, ஏழு முகங்கள் கொண்ட கற்றூண்கள் நெருங்கி நிற்கின்றன. சிற்பியின் உளி படாதவை அவை. நிலத்தின் மேற்பரப்புக்கு வந்த எரிமலைக் குழம்பு குளிர்ந்து சுருங்கியபோது, கோடையில் வற்றிய ஏரியின் வண்டல் வெடிப்பதுபோலப் பல கோணங்களாக வெடித்தது. குளிர்ச்சி உள்ளே இறங்க இறங்க வெடிப்பும் கூடவே இறங்கியது. குளிரும் பரப்புக்குச் செங்குத்தாகவே தூண்கள் உருவாகும். ஆகவே ஒரு தூணின் சாய்வைக் கொண்டு பழைய பரப்பின் சாய்வை அறியலாம்.

இவற்றைத் தக்காணத்தின் எரிமலைப் பாறைகளோடு சேர்த்து எண்ணுவது பிழை. தக்காணப் பாறைகள் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை, சிலிக்கா குறைந்தவை. தீவுகளின் பாறை சிலிக்கா மிகுந்தது, வயது 8.5 முதல் 9 கோடி ஆண்டுகள். மடகாஸ்கரிலும் ஏறத்தாழ அதே வயதுடைய எரிமலைப் பாறைகள் உள்ளன. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்த காலம் அதுவே.

பாறை இறுகுங்கால் அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அன்றைய புவிக்காந்தத்தின் திசையை ஏற்று நிறுத்திக்கொள்கின்றன. அத்திசையை அளந்தால், அக்காலத்தில் இந்தியா எந்த அட்சரேகையில் இருந்தது என்று கணக்கிடலாம். 1961-இல் ஹைதராபாத்தில் நிறுவப்பெற்ற தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்திலும் இத்தகைய பழங்காந்த ஆய்வுகள் நடைபெறுகின்றன. ஆனால் மாதிரியைப் பெயர்க்குமுன் அது இருந்த திசையும் சாய்வும் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். நினைவுக்கென்று ஒருவர் பெயர்த்தெடுத்த துண்டில் காந்தம் இருக்கும். வடக்கு எது என்று சொல்ல அதனால் இயலாது.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இத்தீவுகளைத் தேசிய புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் சுத்தியலை விடுத்துத் திசைகாட்டியும் சாய்வுமானியும் எடுத்துச் செல்லலாம். புறப்படுமுன் ஊர் ஏரியில் வண்டல் வெடிப்புகளின் பக்கங்களை எண்ணச் செய்வது நல்ல பயிற்சி.