ஆறு நிமிஷம் எங்கே போச்சு?

பழைய பாட்டா, புதுப் பாட்டா என்று திண்டுக்கல்லில் ஆரம்பித்தால் டீ ஆறிவிடும், பட்டிமன்ற லியோனியின் ஊராயிற்றே. அந்த வழக்கு கிடக்கட்டும். நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கும் நண்பர் கேட்டது வேறு. "டிவிடியில ஓடுற பழைய பாட்டோட சேர்ந்து வாசிச்சா, சுருதி ரெண்டு கட்டைக்கும் நடுவுல நிக்குதுண்ணே. இசைத்தட்டுல சரியா இருக்கு. எம் பொட்டியில கோளாறா?"

பெட்டியில் கோளாறு இல்லை. பேசும்படம் தியேட்டரில் நொடிக்கு 24 பிரேம் ஓடும். நம் நாட்டு டிவியின் 'பால்' முறைக்கு 25 பிரேம் வேண்டும். 50 சைக்கிள் கரண்டில் பாதி. ஃபிலிமை வீடியோவாக மாற்றும்போது சுலபமான வழி, 24-ஐ 25-ஆக ஓட்டிவிடுவது. இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிஷத்தில் முடிந்துவிடும். கண்ணுக்கு அது தெரியாது, காதுக்குத் தெரியும். நாலு சதவீத வேகத்தில் சுருதியும் ஏறும்: ஒரு கட்டைப் பாட்டு ஒன்றரைக் கட்டையை எட்டியும் எட்டாமலும் நிற்கும். நண்பரின் விரலுக்கு அங்கே கட்டையே கிடையாது.

அமெரிக்காவின் 'என்டிஎஸ்சி' முறையில் சில பிரேம்களைத் திரும்பக் காட்டிச் சரிக்கட்டுவார்கள், சுருதி ஏறாது. புளூரே 24-ஐ அப்படியே தாங்கும். ஆனால் பழைய 'பால்' பிரதியையே எடுத்து ஓடிடியில் ஏற்றினால், ஏறிய சுருதியும் கூடவே வரும்.

பாட்டுக்காவது இசைத்தட்டு சாட்சி இருக்கிறது. ரீ-ரெக்கார்டிங்குக்கு? வசனம், இசை, சத்தம் மூன்றையும் ஒரே டிராக்கில் சேர்த்த காலத்துப் படங்களில் பின்னணி இசை பெரும்பாலும் தனியாக வெளிவந்ததில்லை. மோசர் பேயர் 28 ரூபாய்க்கு வீசிடி போட்ட நாட்களில் பலருக்கு அந்த இசை கைக்கு வந்ததே படத்தின் வழியாகத்தான். அந்தப் பிரதி வேகமாக ஓடியதென்றால், நாம் மனப்பாடமாக வைத்திருப்பது இசையமைப்பாளர் எழுதிய சுருதி அல்ல.

சோதிக்க வழி உண்டு. படத்தின் தொடக்கத்தில் வரும் சென்சார் சான்றிதழில் நீளம் மீட்டரில் இருக்கும். 35 எம்எம் ஃபிலிம் நிமிஷத்துக்குச் சுமார் 27.4 மீட்டர் ஓடும், வகுத்துப் பாருங்கள். வெட்டு எதுவும் இல்லாமலே டிவிடி நூற்றுக்கு நாலு நிமிஷம் முன்னால் முடிந்தால், சுருதி ஏறியிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.