கட்டடத்தின் பரப்பும் தீப் பாதுகாப்பும்

மாதுங்காவிலோ செம்பூரிலோ வீடு வாங்க முற்படும் நம்மவர் முதற்கண் வினவுவது, “எத்தனை சதுர அடி?” என்பதே. பத்திரத்திற் காணும் கார்ப்பெட் ஏரியா, புறச்சுவர்களையும் பால்கனியையும் நீக்கிய பரப்பாகும். விலை பேசுதற்கு அது போதும். தீப் பாதுகாப்புக்குப் போதாது.

நிலத்தடித் தளம் 200 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 2,150 சதுர அடிக்கு, மேற்படின் தானியங்கி நீர்தெளிப்பான் வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நெறி. 18 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உடைய தளம் 216 சதுர மீட்டராகும். பலகைத் தடுப்பிட்ட சரக்கறையைக் கழித்து, “200க்குள் அடங்கிற்று” என்பார் உளர். வாகனம் நிறுத்தும் தளம் எப்.எஸ்.ஐ. கணக்கிற் சேராமையால் அதனை அளக்கவே வேண்டா என்பாரும் உளர். இரண்டும் பிழையே. நெருப்பு பலகைத் தடுப்பை மதிப்பதில்லை அன்றோ?

இத்தகைய தளத்தில் தெளிப்பான் ஒன்று ஏறத்தாழ 12 சதுர மீட்டரையே காக்கும். ஆகவே 216க்குக் குறைந்தது 18 வேண்டும். அளவிற் குறைத்த இடம், தீப்பற்றும் வேளையில் நனையாத இடமாகும். தாராவிப் பட்டறைகளிற் காணும் அகன்ற பரண்களின் அடியிலும் கூரைத் தெளிப்பானின் நீர் எட்டாது. அங்கும் தனியே ஒன்று வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் 2006ஆம் ஆண்டுத் தீத்தடுப்புச் சட்டத்துக்கு உட்பட்ட கட்டடங்கள், கருவிகள் செவ்வனே இயங்குகின்றன என்னும் சான்றினை ஆண்டுதோறும் சனவரியிலும் சூலையிலும் அளித்தல் வேண்டும். அடுத்த சொசைட்டிக் கூட்டத்தில் அச்சான்றையும் கட்டட வரைபடத்தையும் கேட்டுப் பாருங்கள். அளவுநாடாவையும் உடன் கொண்டு செல்லுங்கள்.