எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள்: எண்ணூர் கற்றுத்தரும் பாடம்



2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதை வடசென்னைவாசிகளான நாம் மறந்திருக்க மாட்டோம். கசிந்த எண்ணெய் எர்ணாவூர், திருவொற்றியூர் கரைகளில் கரிய களியாகப் படிந்தது. மீனவர்களும் மாணவர்களும் வாளிவாளியாக அள்ளினார்கள். அள்ளிய களியைத் துறைமுக வளாகத்திலேயே வைத்து, நுண்ணுயிர்களைக் கொண்டு மட்கச் செய்யும் பணியில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு இறங்கியது.

எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடொன்று சேராது. ஆகவே சில பாக்டீரியாக்கள் சோப்பைப் போன்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் ரம்னோலிப்பிட் அவற்றில் ஒன்று. அது எண்ணெயைச் சிறு துளிகளாக உடைக்கிறது. பாக்டீரியா அதை உண்டு, கடைசியில் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாற்றுகிறது.

உயிரினங்கள் இப்படி உண்டாக்குபவற்றை 'வளர்சிதை மாற்றப் பொருட்கள்' என்பார்கள். தயிரின் புளிப்பும், 1928-ல் பூஞ்சையிலிருந்து கண்டறியப்பட்ட பெனிசிலின் மருந்தும் இந்த வகைதான். நபி (ஸல்) அவர்கள் சிறந்த குழம்பு என்று புகழ்ந்த காடியின் புளிப்பும் பாக்டீரியா தருவதே. மது தானாகவே காடியாகிவிட்டால் அது தூய்மையானது என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. பொருளின் தன்மையே மாறிவிடும் இதை ஃபிக்ஹில் 'இஸ்திஹாலா' என்கிறோம்.

அப்படியானால் எண்ணெய் கொட்டினாலும் பாக்டீரியா பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடலாமா? கூடாது. அதற்குக் காற்றும் சத்தும் வேண்டும். பல மாதங்கள் ஆகும். தார் போன்ற பகுதி எளிதில் மட்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மீண்டும் எண்ணெய் பரவியது. படகும் வலையும் பாழாகி, மீனவக் குடும்பங்களின் பிழைப்பு முடங்கியது.

நிலத்திலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டை மனிதனின் செயலோடு இணைத்துப் பேசுகிறது சூரா அர்ரூமின் 41-வது வசனம். பெரிய ஆலைகளிடம் நாம் கணக்குக் கேட்க வேண்டும். அதே கேள்வி நம்மை நோக்கியும் வரும். லாரி பட்டறை வைத்திருக்கும் சகோதரர்கள் பழைய என்ஜின் ஆயிலைக் கால்வாயில் ஊற்றாமல், சேர்த்துவைத்து அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்கட்டும். நோன்பு நாட்களில் சமோசா பொரித்த எண்ணெயை வீட்டுத் தொட்டியில் கொட்ட வேண்டாம். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதே ஈமானின் ஒரு கிளை என்றால், இடையூறை உண்டாக்காமல் இருப்பது அதற்கும் முந்திய கடமையல்லவா?

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.