கரிசல் காட்டு மேய்ப்பன்

சங்கரன்கோவிலிலிருந்து கிழக்கே, கோவில்பட்டித் திசையில் போனால் குருவிகுளம். சுற்றிலும் கரிசல். வெள்ளாமை எடுத்த புஞ்சையில் ஆட்டுக்கிடை போடுவது இந்தச் சீமையின் பழைய வழக்கம். பகலெல்லாம் மேய்ந்த ஆடுகளை ராத்திரி ஒரே நிலத்தில் அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் அந்த நிலத்துக்கு உரம். நரிக்கும் திருடனுக்கும் பயந்து ஆட்டுக்காரர் கிடையோரத்திலேயே படுத்துக்கொள்வார். கி. ராஜநாராயணன் பிறந்த இடைசெவலும் இதே கரிசல்தான். அவருடைய குறுநாவல் ஒன்றின் பெயரே ‘கிடை’.

இந்த ஆட்டுக்காரரை விவிலியத்திலும் பார்க்கலாம். லூக்கா சொல்லும் கதையில், இயேசு பிறந்த சேதி அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் போவதற்கு முன்னால், பெத்லகேம் வயல்வெளியில் ராக்காவல் இருந்த இடையர்களுக்குத்தான் வருகிறது. அதே லூக்காவின் 15ஆம் அதிகாரத்தில், நூறு ஆடுகளில் ஒன்று தொலைந்துபோக, தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போகிறார் ஒருவர். யோவான் நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் இயேசு தம்மை நல்ல மேய்ப்பன் என்கிறார். ஆடுகள் போய்வரும் வாசலும் தாமே என்கிறார். தொழுவத்தின் வாசலிலேயே மேய்ப்பன் படுத்துக் காவல் காக்கும் பாலஸ்தீன வழக்கத்தை வைத்து இதற்கு விளக்கம் சொல்வது உண்டு. கிடைக்காவல் தெரிந்தவருக்கு அந்த விளக்கமே தேவையில்லை.

சபையை நடத்தும் பணிக்குக் கிறிஸ்தவ இறையியல் இட்ட பெயரும் இந்தத் தொழிலிலிருந்து எடுத்ததுதான். ஆங்கிலத்தில் பாஸ்டர் என்கிறோமே, அது லத்தீனில் ஆடு மேய்ப்பவரைக் குறிக்கும் சொல். தமிழ்க் கத்தோலிக்கர் மறைமாவட்டத் தலைவரை ‘ஆயர்’ என்கிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையார் ‘பேராயர்’ என்கிறார்கள். சங்க இலக்கியம் படித்தவருக்கு ஆயர் யாரென்று தெரியும்: முல்லை நிலத்தில் மாடும் ஆடும் மேய்த்தவர்கள். கலித்தொகையிலும் சிலப்பதிகாரத்திலும் பழகிய சொல் இன்று பேராலயத்தில் செங்கோல் பிடித்து நிற்கிறது. அந்தச் செங்கோலின் வளைந்த தலையும் மேய்ப்பனின் கம்பைப் பார்த்துச் செய்ததே.

எல்லாச் சொல்லும் இப்படி இலகுவாகக் கிடைத்துவிடவில்லை.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறியது. அதிலிருந்து இன்றுவரை தமிழ் விவிலியத்தில் ஓயாத வழக்கு ஒன்று உண்டு: இறைவனை எந்தப் பெயரால் அழைப்பது? பழைய கத்தோலிக்கர் சருவேசுரன் என்றார்கள். பப்ரிசியுஸ் என்ற மிஷனரியின் மொழிபெயர்ப்பு பராபரன் என்றது. இன்று சீர்திருத்தச் சபைகளில் பெரிதும் வாசிக்கப்படும், 1871இல் முழுமையடைந்த மொழிபெயர்ப்பு தேவன் என்றது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளியான திருவிவிலியம் கடவுள் என்கிறது. தேவன் என்றால் தேவர்களில் ஒருவன் என்று ஆகிவிடாதா என்பது ஒரு தரப்பின் கேள்வி. பராபரன் என்றால் பாமரனுக்குப் புரியுமா என்பது மறு தரப்பின் கேள்வி. திருநெல்வேலியில் பிறந்து தஞ்சையில் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியார், பப்ரிசியுஸின் நடையில் கை வைத்த ரேனியஸ் என்ற மிஷனரியின் திருத்தத்தைக் கடுமையாக எதிர்த்தார். பாடிப் பாடி மனசில் ஊறிய சொல்லை மாற்றுவது பக்தியையே கலைப்பதாக அவர் நினைத்தார்.

இந்த வேலையில் வேற்று மதத்தவருக்கும் பங்கு உண்டு. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் செய்த மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர் கடைசிவரை அசைக்க முடியாத சைவர். 1871 மொழிபெயர்ப்பின் குழுவுக்குப் பவர் என்ற மிஷனரி தலைமை வகித்தார். கால்டுவெல்லும் அதில் இருந்தார். கால்டுவெல் குடியிருந்த ஊரின் பெயர் இடையன்குடி என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

வேதம் உரைநடையில் இப்படி முட்டி மோதிக்கொண்டிருந்தபோது காப்பியத்தில் அது வேறு வழி பிடித்தது. கோவில்பட்டிப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் பணிசெய்தவர் இத்தாலியில் 1680இல் பிறந்த பெஸ்கி, தமிழர்க்கு வீரமாமுனிவர். 1714, 15 வாக்கில் மரண தண்டனையிலிருந்து மயிரிழையில் தப்பியவர். அவர் 1726இல் முடித்த தேம்பாவணியில் 3615 பாடல்கள். நாயகன் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசை. முனிவர் அவருக்கு வைத்த பெயர் வளன். கதை நடப்பது யூதேயாவில். ஆனால் நாட்டுப் படலத்தைத் திறந்தால் நெல்வயலும் நீர்வளமுமாக ஒரு மருத நிலம் விரிகிறது. கம்பன் கோசலத்தைச் சோழநாடாகப் பாடியதைப் பார்த்தவர், யூதேயாவையும் அப்படியே தமிழ்நாடாக்கிவிட்டார்.

நூற்றைம்பது ஆண்டு கழித்து இன்னொருவர் வந்தார். திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பில் 1827இல் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. வைணவக் குடும்பம். அப்பாவின் பெயர் சங்கரநாராயண பிள்ளை. சங்கரன்கோவிலில் பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும் நிற்கும் சாமியின் பெயர். கம்பராமாயணம் வீட்டுச் சொத்து. 1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியராகச் சேர்ந்தவர், 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார்.

அவர் எடுத்துக்கொண்ட நூல் ஜான் பனியனுடையது. பனியன் பாத்திரம் ஒக்கிட்டுப் பிழைத்தவர். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகப் பெட்ஃபோர்டு சிறையில் கிடந்தவர். 1678இல் வெளியான அவருடைய கதையில், முதுகில் பாவச்சுமையோடு ஒருவன் அழிவின் நகரத்தை விட்டு வானுலக நகரை நோக்கி நடக்கிறான். கிருஷ்ணபிள்ளை இதை ‘இரட்சணிய யாத்திரிகம்’ ஆக்கினார். ‘நற்போதகம்’ மாத இதழில் 13 ஆண்டுகள் தொடராக வந்து, 1894 மே மாதம் நூலாயிற்று. 5 பருவம், 47 படலம், 3766 பாடல்.

இதை வெறும் மொழிபெயர்ப்பு என்று ஒதுக்குவது தவறு. பனியன் கதையாக விரிக்காமல் விட்ட இயேசுவின் பாடுகளைக் கிருஷ்ணபிள்ளை குமார பருவத்தில் விரித்துப் பாடினார். இடையிடையே தேவாரம் என்ற பெயரிலேயே இசைப்பாடல்களை வைத்தார். மதம் மாறினாலும் காதில் விழுந்து வளர்ந்த ஓசை மாறவில்லை. மாற்ற வேண்டும் என்று அவரும் நினைக்கவில்லை. ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்ற பெயர் அவருக்கு நிலைத்ததற்கு அதுவே காரணம். வீரமாமுனிவர் கற்றுத் தேர்ந்து எட்டிய இடத்தில் கிருஷ்ணபிள்ளை பிறந்து வளர்ந்தார் என்பதே இருவருக்கும் உள்ள வேறுபாடு.

பண்டிதர் காப்பியம் எழுதுவதற்கு முன்பே சம்சாரிகளைத் தேடி ஒரு கூட்டம் நடந்தது. ராக்லண்ட் என்ற சி.எம்.எஸ். மிஷனரி 1854இல் இரு தோழர்களோடு வட திருநெல்வேலிக்கு வந்து, ஓரிடத்தில் பங்களா கட்டாமல், ஆட்டுக்கிடை நகர்வதைப்போல ஊர் ஊராகக் கூடாரத்தை மாற்றிக்கொண்டு பிரசங்கித்தார். 1858இல் சிவகாசியில் இறந்தார்.

கிருஷ்ணபிள்ளை 1900 பிப்ரவரியில் காலமானார். அவருடைய குமார பருவத்திலிருந்து, இயேசு பழிச்சொல்லைப் பொறுத்து நிற்கும் பகுதி தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றது. சர்ச்சுக்குள் ஒருநாளும் கால் வைத்திராத பிள்ளைகளும் அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.