அஸ்தமனத்தில் பிறக்கும் நாள்

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி ஹைதராபாதில் விஜயதசமியும் காந்தி ஜயந்தியும் சேர்ந்து வந்தபோது, கைபேசி நாட்காட்டியில் யூதப் பண்டிகைகளையும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு, மஹா உபவாச தினமாகிய யோம் கிப்பூரும் அதே கட்டத்தில் தென்பட்டது. ஆயினும் அவ்விரதம் முந்தின நாள் மாலை, சுமார் ஆறு மணிக்குச் சூரியன் மறையும் வேளையிலேயே தொடங்கிவிட்டது என்பதை, நள்ளிரவில் நாளைத் தொடங்கும் அக்கட்டம் எப்படி உணர்த்தும்? கட்டத்தை மட்டும் நம்பி முதல் நாள் இரவு விருந்துக்கு அழைப்பவர், விரதம் பூண்டவரைச் சங்கடத்தில் ஆழ்த்துவார்.

யூதர்களைப் போலவே சார்மினார் வட்டாரத்து முஸ்லிம்களுக்கும் மாலையே நாளின் ஆரம்பம். ஆனால் அவர்களுடைய ரம்ஜானுக்குப் பிறை தென்பட வேண்டும். யூத பஞ்சாங்கமோ, 19 ஆண்டுகளுக்கு 7 அதிக மாதங்கள் என்ற கணிதத்தால் நிர்ணயிக்கப்பட்டதாதலின், தேதிகளைப் பல்லாண்டுகளுக்கு முன்பே காட்ட வல்லது. 'முந்தின அஸ்தமனம் முதல்' என்ற குறிப்பை மட்டும் மென்பொருள் ஆக்குவோர் அவசியம் சேர்க்க வேண்டும்.