மலிவு விலை எலக்ட்ரானிக் பாகங்கள்... நம்பி வாங்கலாமா? மல்டிமீட்டர் சொல்லும் உண்மையும், சொல்லாத ஆபத்தும்!

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் முதல் ஆன்லைன் தளங்கள் வரை, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க்கெல்லாம் எலக்ட்ரானிக் பாகங்கள் கிடைக்கின்றன. புராஜெக்ட் செய்யும் மாணவர்களும், வீட்டிலேயே ஃபேன் ரிப்பேர் பார்ப்பவர்களும் இவற்றைத்தான் அதிகம் வாங்குகிறார்கள். "இவ்வளவு சீப்பா தர்றாங்களே, இது தாங்குமா?" என்ற சந்தேகமும் கூடவே வரும். இதை எப்படிச் சோதிப்பது? எதில் ரிஸ்க் எடுக்கலாம், எதில் எடுக்கவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

விலை குறைவு என்றாலே போலியா?

இல்லை. ரெசிஸ்டர், எல்இடி, சாதாரண டையோடு போன்றவை கோடிக்கணக்கில் தயாராகின்றன. தொழில்நுட்பமும் பழையது. அதனால் விலை இயல்பாகவே குறைவு.

பிரச்சனை மூன்று வகைகளில் வருகிறது. தரச் சோதனையில் கழிக்கப்பட்டவை, பழைய போர்டுகளில் இருந்து கழற்றி புதிது போல விற்கப்படுபவை, லேபிளில் பொய் அச்சடிக்கப்பட்டவை. மூன்றுமே பார்வைக்கு அசல் போலவே இருக்கும்.

ரெசிஸ்டர், டையோடு: ஒரு நிமிட வேலை

ரெசிஸ்டரின் கடைசிக் கோடு தங்க நிறம் என்றால், மதிப்பு 5 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 1,000 ஓம் என்றால் மல்டிமீட்டரில் 950 முதல் 1,050 வரை காட்டினால் ஓகே.

1என்4007 போன்ற டையோடை மல்டிமீட்டரின் டையோடு மோடில் வையுங்கள். ஒரு பக்கம் சுமார் 0.5 முதல் 0.7 வோல்ட் காட்ட வேண்டும். திருப்பி வைத்தால் எதுவும் பாயக்கூடாது. இரு பக்கமும் பாய்ந்தாலோ, இரு பக்கமும் பாயாவிட்டாலோ அது குப்பைக்குத்தான்.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா?

சீலிங் ஃபேன்களில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருக்கும். அதன் மேலேயே 'பிளஸ் ஆர் மைனஸ் 5 சதவீதம்' என்று அச்சிட்டிருந்தால், அளவு 2.38-க்கும் 2.62-க்கும் இடையில் இருக்க வேண்டும். புதிதாக வாங்கியதே 2-க்குக் கீழே காட்டினால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதைப் போட்டாலும் ஃபேன் வேகம் எடுக்காது.

கவனம்: பழைய கெபாசிட்டரைக் கழற்றும் முன் மெயினை ஆஃப் செய்ய வேண்டும். அதில் தேங்கியிருக்கும் மின்சாரத்தையும் டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது.

9,900 எம்ஏஹெச் பேட்டரி: பொய்யை எடை காட்டிவிடும்

டார்ச், பவர் பேங்க் ஆகியவற்றில் இருக்கும் உருளை வடிவ லித்தியம் செல்லின் பெயர் 18650. விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர் என்பதால் இந்தப் பெயர். இந்த அளவு செல்லில் முன்னணி நிறுவனங்களே தரும் கொள்ளளவு சுமார் 3,500 எம்ஏஹெச்தான். அப்படியிருக்க, 9,900 என்று அச்சடித்த செல்லைப் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம். அது பொய்.

நல்ல செல் பொதுவாக 45 முதல் 50 கிராம் எடை இருக்கும். சமையலறைத் தராசிலேயே பார்த்துவிடலாம். 30 கிராம் சொச்சம்தான் இருக்கிறது என்றால் வாங்கியது வீண். எடை கூடுவதற்காக வேறு பொருளை அடைத்த போலிகளும் உண்டு என்பதால், எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது.

உறுதியான சோதனை, கொள்ளளவை அளக்கும் சார்ஜரில் போட்டுப் பார்ப்பது. முழுதாக சார்ஜ் ஆன செல்லில் இருந்து 500 மில்லிஆம்பியர் எடுத்தால், 3,000 எம்ஏஹெச் செல் சுமார் 6 மணி நேரம் தாங்கும். 2 மணி நேரத்தில் தீர்ந்தால், உண்மையான அளவு 1,000-தான். சோதனையின்போது செல் சூடானால் உடனே நிறுத்துங்கள். லித்தியம் செல்லில் ஏற்படும் தீயை எளிதில் அணைக்க முடியாது.

ராணுவமே ஏமாறுமா?

ஐசி எனப்படும் சிப்களில் ஏமாற்றுவது இன்னும் சுலபம். மேலே இருக்கும் எழுத்தைச் சுரண்டி, கறுப்புப் பூச்சு அடித்து, விலை உயர்ந்த சிப்பின் எண்ணை அச்சடித்துவிடுவார்கள். அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்க்கும்போது கறுப்பு நிறம் கழன்று வந்தால் சந்தேகப்பட வேண்டும்.

அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ, ராணுவத் தளவாடங்களில் பயன்படும் வகையிலான 16 பாகங்களை இணையம் வழியாக வாங்கிச் சோதித்தது. 2012-ல் வெளியான அறிக்கையின்படி, அவற்றில் ஒன்றுகூட அசல் இல்லை. இதில் ஹைலைட் என்னவென்றால், இல்லாத எண்களைக் கொடுத்து ஆர்டர் செய்த 4 பாகங்களையும் விற்பனையாளர்கள் 'தயாராக' அனுப்பி வைத்திருந்தார்கள்!

ஒன்றைச் சோதித்தால் போதுமா?

போதாது. 100 பாகங்கள் கொண்ட பாக்கெட்டில் 10 மோசமானவை என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை மட்டும் எடுத்துச் சோதித்தால், அது நல்லதாக இருக்க 90 சதவீத வாய்ப்பு. 10 எடுத்தாலும், பத்துமே நல்லதாக அமைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. முக்கியமான இடத்தில் பொருத்துவதாக இருந்தால், பொருத்தப் போகும் பாகத்தையே சோதிக்க வேண்டும்.

மல்டிமீட்டர் சொல்லாதது என்ன?

இதுதான் முக்கியம். மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் சோதிக்கிறது. வீட்டுக்கு வருவதோ 230 வோல்ட். மொபைல் சார்ஜருக்குள், மின் இணைப்புப் பக்கத்துக்கும் போன் பக்கத்துக்கும் இடையே 'ஒய்' வகை பாதுகாப்பு கெபாசிட்டர் இருக்கும். அந்த இடத்தில் சாதாரண கெபாசிட்டரைப் போட்டாலும் மல்டிமீட்டர் சரி என்றுதான் காட்டும். போன் சார்ஜும் ஏறும். என்றாவது அது ஷார்ட் ஆனால், மின்சாரம் நேரடியாக நம் கையில் இருக்கும் போனுக்கே வந்துவிடும்.

அதனால்தான் சார்ஜர், பவர் பேங்க், லித்தியம் பேட்டரி ஆகியவற்றுக்கு இந்தியாவில் பிஐஎஸ் பதிவு கட்டாயம். பொருளின் மேல் 'ஆர்' என்ற எழுத்துடன் 8 இலக்கப் பதிவு எண் இருக்கும். அதை 'பிஐஎஸ் கேர்' செயலியில் டைப் செய்தால், எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்ட எண் என்று காட்டும். எண் இல்லை என்றாலோ, வேறு பொருளுக்கு உரியது என்றாலோ வாங்க வேண்டாம்.

சுருக்கமாகச் சொன்னால், 5 வோல்ட்டில் ஓடும் புராஜெக்டுக்கு மலிவான பாகத்தைச் சோதித்துவிட்டுத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கெட்டுப்போனால் எல்இடி எரியாது, அவ்வளவுதான். பிளக் பாயின்ட்டில் செருகுவதிலும், லித்தியம் பேட்டரியிலும் மட்டும் நூறு, இருநூறு மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.